180-ல் ஒன்று: பத்தாம் வகுப்பு நிகழ்தகவும் அக்காவோட ரிப்போர்ட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாக எடிட் செய்யப்பட்டது.)

 

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ஸ்கூல்ல படிச்ச கணக்கு வாழ்க்கையில எங்கயாவது உதவியிருக்கா ப்ரோ?" சைன் தீட்டா பத்தி என்னால எதுவும் சொல்ல முடியாது. ஆனா நிகழ்தகவு பத்தி ஒரு கதை இருக்கு. ரெண்டு வருஷமா சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன். போன வாரம் அக்காகிட்ட கேட்டேன். "பேர் சொல்லாம சொல்லிக்கோ. யாருக்காவது உதவட்டும்"னு சொன்னா. அதனால இன்னைக்குச் சொல்றேன்.

அப்போ அக்காவுக்கு 33 வயசு, மூணு மாசம் கர்ப்பம். கோயம்புத்தூர்ல இருந்தா, நான் சென்னையில. ஒரு நாள் மதியம் சாப்பிட்டு வந்து சீட்ல உட்கார்றேன், வாட்ஸ்அப்ல ஒரு பி.டி.எஃப். மூணாவது மாசத்துல எடுக்கற ஸ்கேனையும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து வர்ற ரிப்போர்ட். நடுவுல ஒரு கட்டம், அதுக்குள்ள சிவப்பு எழுத்துல "ஹை ரிஸ்க்". பக்கத்துல "டிரைசோமி 21" னு போட்டு, 1:180.

டிரைசோமி 21 னா டவுன் சிண்ட்ரோம். இருபத்தோராவது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணா இருக்கறது. அந்தக் குழந்தைங்க வளர்ந்து படிக்கறாங்க, வேலைக்குப் போறாங்க, பாசமான குடும்பங்கள்ல நல்லா வாழறாங்க. ஆனா கற்றல்ல சிரமம் இருக்கும், சிலருக்கு இதயத்துல பிரச்சினை இருக்கும். பெத்தவங்க முன்கூட்டியே தெரிஞ்சுக்க நினைக்கறதுல தப்பு எதுவும் இல்ல.

அந்த ஒரு எண்ணை எங்க வீட்ல ஆளாளுக்கு ஒரு மாதிரி படிச்சாங்க. மாமா 180 மடங்கு ரிஸ்க்னு நினைச்சுட்டார். அப்பா, "ஒரு சதவீதம்கூட இல்ல, லேப்காரன் பயமுறுத்துறான்"னார். அம்மாவுக்கு எண்ணே கண்ணுல படல. "ஹை ரிஸ்க்னு சிவப்புல போட்டிருக்கான், அதுக்கு மேல என்ன கணக்கு?" அதோட விடாம, "நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்"னு ஆரம்பிச்சுட்டாங்க.

அக்கா எனக்குப் போன் போட்டா.

"டேய், நீதானே கணக்குல சென்டம். இதுக்கு என்னடா அர்த்தம்?"

நான் கால்குலேட்டரைத் தட்டினேன். ஒன்று வகுத்தல் நூற்றி எண்பது. "0.56 சதவீதம்தான்க்கா. 99.44 சதவீதம் ஒன்னும் இருக்காது. நீ நிம்மதியா தூங்கு."

கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் கேட்டா, "அந்த ஒன்னு நானா இருந்தா?"

என்கிட்ட பதில் இல்ல. போனை வெச்சுட்டா.

எங்க டீம்ல ஒரு சின்ன சர்வீஸ்ல அரை சதவீதம் ரிக்வெஸ்ட் ஃபெயில் ஆனா யாரும் நடுராத்திரி எழுந்து பார்க்க மாட்டோம். ரீட்ரை ஆயிடும். அதே அரை சதவீதத்தை அக்காகிட்ட சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கல. எண் ஒன்னுதான், ஆனா அக்காவுக்கு ரீட்ரை கிடையாது.

சென்டம் வாங்கின எனக்கு வகுக்கத் தெரிஞ்சது. வகுத்து வந்த விடைக்கு என்ன அர்த்தம்னு சொல்லத் தெரியல. அது ஏன்னு யோசிச்சப்போ நேரா பத்தாம் வகுப்புக்குப் போய் நின்னேன்.

36-ஆ, 21-ஆ?

எங்க செட்டுக்குப் பத்தாவது கணக்குப் புத்தகத்துல கடைசிப் பாடம் நிகழ்தகவு. ரிவிஷன் டெஸ்ட் நெருங்கற நேரத்துல வேகவேகமா நடத்துவாங்க. சாதகமான வாய்ப்புகளோட எண்ணிக்கையை மொத்த வாய்ப்புகளோட எண்ணிக்கையால வகுக்கணும். அவ்வளவுதான். ஒரு பகடைன்னா கீழே 6, ரெண்டு பகடைன்னா 36, சீட்டுக்கட்டுன்னா 52. எங்க வீட்ல சீட்டுக்கட்டைத் தொட்டா முதுகுல விழும். ஆனா இஸ்பேட் 13, ஹார்ட்டின் 13, முகச்சீட்டு 12 னு மனப்பாடமா ஒப்பிப்போம். பாதிப் பேர் ஒரு சீட்டுக்கட்டைக் கையில எடுத்துப் பார்த்ததே இல்ல.

நான் கிளாஸ்ல ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன். "சார், ஒன்னும் ரெண்டும் விழுந்தா என்ன, ரெண்டும் ஒன்னும் விழுந்தா என்ன, ஒரே விஷயம்தானே? அப்படிப் பார்த்தா மொத்தம் 21 தானே வரும், ஏன் 36?"

சார் சொன்னார், "பரீட்சையில 36 னு எழுது. அஞ்சு மார்க்கு."

எழுதினேன். அஞ்சு மார்க் வந்துச்சு. அவர் மேல கோபமே இல்ல. அம்பது பசங்களை வெச்சுக்கிட்டு போர்ஷன் முடிக்கணும்னா வேற என்ன செய்வார்?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு விஷயம் தெரிஞ்சுது. நுண்கணிதத்தை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர் லைப்னிட்ஸ். ரெண்டு பகடையில 11 விழறதுக்கும் 12 விழறதுக்கும் சமமான வாய்ப்புன்னு அவர் நினைச்சார். 12 னா ஆறும் ஆறும், ஒரே வழி. 11 னா ஐந்தும் ஆறும், அதுவும் ஒரே வழின்னு எடுத்துக்கிட்டார். உண்மையில 11 விழ ரெண்டு வழி உண்டு. நான் கேட்ட சந்தேகத்துலதான் அவரும் வழுக்கியிருக்கார். அதைப் படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆச்சியோட தாயக்கட்டை

எனக்கு அந்த 36 புரிஞ்சது வகுப்புல இல்ல. தென்காசியில, ஆச்சி வீட்டு முற்றத்துல.

தாயம் விளையாடினவங்களுக்குத் தெரியும். நீளமான ரெண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்னுலயும் நாலு பக்கம்: வெறுமை, ஒன்னு, ரெண்டு, மூணு. கட்டையில ஒன்னு வெறுமையாவும் இன்னொன்னு ஒன்னாவும் விழுந்தா தாயம். தாயம் விழுந்தாத்தான் காயை இறக்க முடியும். ரெண்டும் வெறுமைன்னா பன்னிரண்டு. ரெண்டும் மூணுன்னா ஆறு.

ஆச்சியோட கட்டையில ஒன்னு மட்டும் கீழ விழுந்து விழுந்து ஓரம் நசுங்கியிருக்கும். ஒரு லீவுல எனக்குத் தாயமே விழாம கடுப்பாகி உட்கார்ந்திருந்தேன். அப்போ கவனிச்சேன். சில தடவை நசுங்கின கட்டை வெறுமையா விழுது, நல்ல கட்டை ஒன்னு காட்டுது. சில தடவை மாத்தி விழுது. ஆச்சிக்கு ரெண்டும் தாயம்தான். ஆனா நடந்தது ரெண்டு வேற வேற நிகழ்ச்சி. பன்னிரண்டு விழணும்னா ரெண்டும் வெறுமையா விழணும், அதுக்கு ஒரே வழிதான்.

நாலு பெருக்கல் நாலு, மொத்தம் 16 வழி. தாயத்துக்கு ரெண்டு வழி, அதாவது எட்டுல ஒன்னு. பன்னிரண்டுக்கு ஒரு வழி, 16-ல் ஒன்னு. கட்டை நசுங்காம ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தாலும் இதே கணக்குதான். நம்ம கண்ணுக்கு வித்தியாசம் தெரியலைன்னா கட்டைகள் ஒன்னாயிடாது.

இன்னொன்னும் அங்கதான் புரிஞ்சது. எட்டுல ஒன்னுன்னா எட்டாவது தடவை கண்டிப்பா விழும்னு நினைச்சேன். அப்படி இல்ல. ஒரு தடவை விழாம போக வாய்ப்பு எட்டுல ஏழு. எட்டுத் தடவையும் விழாம போகணும்னா அதை எட்டு முறை பெருக்கணும். கிட்டத்தட்ட 34 சதவீதம் வரும். எட்டு எட்டுத் தடவையா போட்டுப் பார்க்கற மூணு பேர்ல ஒருத்தருக்குத் தாயமே விழாது. அன்னைக்கு அது நான்.

அங்க கத்துக்கிட்டதை இப்படிச் சொல்றேன். நிகழ்தகவுல கஷ்டமான வேலை வகுக்கறது இல்ல. பின்னத்துல கீழ என்ன போடறதுன்னு கண்டுபிடிக்கறது. யாரை, எதையெல்லாம், எப்படி எண்றோம்? பள்ளிக்கூடத்துல அந்த 6-உம் 36-உம் 52-உம் ரெடியா கைக்கு வந்துடும். வெளியில யாரும் தர மாட்டாங்க.

ரிப்போர்ட்டை மறுபடி படிச்சோம்

மறுநாள் லீவு போட்டுட்டு உட்கார்ந்து ரிப்போர்ட்டை ஒழுங்கா படிச்சேன்.

முதல்ல அந்த 1:180. ஸ்கூல்ல நம்ம படிச்ச விகிதம்னா ஒரு பங்கு இந்தப் பக்கம், 180 பங்கு அந்தப் பக்கம், மொத்தம் 181. பந்தயத்துல "ஒன்னுக்கு அஞ்சு"ன்னு சொல்றது இந்த வகை. பகடையில ஆறு விழ நிகழ்தகவு ஆறுல ஒன்னு, ஆனா சாதகத்துக்கும் பாதகத்துக்கும் உள்ள விகிதம் ஒன்னுக்கு அஞ்சு. ரிப்போர்ட்ல இருக்கறது அது இல்ல. "180 பேர்ல ஒருத்தர்" ங்கறதைத்தான் அப்படிப் போட்டிருக்காங்க. இவ்வளவு சின்ன எண்ணுக்கு 180-உம் 181-உம் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா 1:1 னு வந்தா ஒன்னு பாதிக்குப் பாதி, இன்னொன்னு நிச்சயம். அதனால எழுதினவங்க எதைச் சொல்றாங்கன்னு பார்த்துக்கணும்.

ரெண்டாவது, அதே பக்கத்துல சின்ன எழுத்துல இன்னொரு எண் இருந்தது. வயசை மட்டும் வெச்சுப் பார்த்தா 1:540. அம்மாவோட வயசு ஏற ஏற இந்த வாய்ப்பும் ஏறும். 35 வயசுல சுமார் 350-ல் ஒன்னு, 40-ல் சுமார் 100-ல் ஒன்னு. அக்காவோட 540-ல் ஒன்னு, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்ததும் 180-ல் ஒன்னு ஆகியிருக்கு. அதாவது டெஸ்ட் சொன்ன புதுச் செய்தி "மூணு மடங்கு" ங்கறது மட்டும்தான்.

அப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இது பேயஸ் தேற்றம். இன்ஜினியரிங் நாலாவது செமஸ்டர்ல பி.க்யூ.டி பேப்பர் எழுதினவங்களுக்கு அந்தக் கணக்கு ஞாபகம் இருக்கும். ஏ, பி, சி னு மூணு மெஷின் போல்ட் செய்யும், ஒரு போல்ட் சொத்தையா இருக்கும், அது எந்த மெஷின்ல இருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்கணும். ஃபார்முலாவை உருப்போட்டு அந்த பேப்பர்ல அரியர் இல்லாம தப்பிச்சேன். அதோட அர்த்தம் "முதல்ல இருந்த வாய்ப்பு, அதுக்கு மேல புதுத் தகவல், இப்போ இருக்கிற வாய்ப்பு" ன்னு அக்காவோட ரிப்போர்ட்லதான் பார்த்தேன்.

மூணாவது, ஹை ரிஸ்க்ங்கற வார்த்தை. 250-ல் ஒன்னுக்கு மேல போனா ஹை ரிஸ்க்னு அந்த லேப் ஒரு கோடு போட்டிருக்கு. ரிப்போர்ட் அடியிலயே இருக்கு. 1:249 வந்தா சிவப்பு, 1:251 வந்தா பச்சை. அடுத்த கட்டப் பரிசோதனை பத்தி யார்கிட்ட பேசணும்னு முடிவு பண்றதுக்காகப் போட்ட கோடு அது. குழந்தைக்கு இருக்குன்னு சொல்ற தீர்ப்பு இல்ல.

இதுக்குள்ள அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட கேட்டு இன்னொரு எண்ணைக் கொண்டு வந்துட்டாங்க. "அந்த டெஸ்ட் 90 சதவீதம் கரெக்டா சொல்லுமாம்டா." அம்மா காதுல அது எப்படி விழுந்திருக்கும்னு யோசிங்க. டெஸ்ட் ஹை ரிஸ்க்னு சொல்லுது, 90 சதவீதம் கரெக்ட், அப்போ குழந்தைக்கு 90 சதவீதம் இருக்கு!

அம்மாவுக்காக ஒரு கணக்கு போட்டேன். புரியறதுக்காக ரவுண்டா எடுத்துக்கிட்ட எண்கள் இவை. 10,000 கர்ப்பிணிகள். அதுல 20 குழந்தைகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்குன்னு வெச்சுக்குவோம். டெஸ்ட் 90 சதவீதம் கண்டுபிடிக்கும், அதாவது 18. ரெண்டை விட்டுடும். மீதி 9,980 பேருக்கு ஒன்னும் இல்ல. ஆனா அதுலயும் 5 சதவீதம் பேருக்குத் தப்பா ஹை ரிஸ்க்னு வரும். அது 499 பேர். ஆக மொத்தம் ஹை ரிஸ்க் ரிப்போர்ட் வாங்கினவங்க 517. அதுல உண்மையிலேயே இருக்கறது 18. கிட்டத்தட்ட 29-ல் ஒன்னு.

90 சதவீதம் ஒரு பக்கம், 29-ல் ஒன்னு இன்னொரு பக்கம். ரெண்டும் ஒரே டெஸ்ட் பத்தின உண்மைதான். முதல்ல கீழ இருக்கறது அந்த 20 பேர். ரெண்டாவதுல கீழ இருக்கறது சிவப்பு ரிப்போர்ட் வாங்கின 517 பேர். "அப்போ அக்காவுக்கு 29-ஆ, 180-ஆ?" ன்னு மாமா கேட்டார். நல்ல கேள்வி. அந்த 517 பேர்ல 5-ல் ஒன்னு, 10-ல் ஒன்னுன்னு வந்தவங்களும் இருப்பாங்க. அவங்களையெல்லாம் சேர்த்துப் போட்ட சராசரி அது. அக்கா கோட்டுக்குப் பக்கத்துல நிக்கறா. அவ வயசு, அவ ஸ்கேன், அவ ரத்தம், இதே மாதிரி இருக்கற 180 பேரை நிக்க வெச்சா அதுல ஒருத்தருக்குன்னு அர்த்தம்.

"அந்த ஒன்னு நானா இருந்தா?"

ராத்திரி வீடியோ கால்ல பேசினோம். நான் ஒரு பழைய கிராஃப் நோட்டுல 12 வரிசை, வரிசைக்கு 15 கட்டம் போட்டு வெச்சிருந்தேன். 180 கட்டம். நடுவுல ஒன்னை மட்டும் பேனாவால அடைச்சிருந்தேன். கேமரா முன்னாடி காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தா. "இவ்வளவு பேரு இருக்காங்களா"ன்னா. அப்புறம், "ஆனா ஒன்னு இருக்குல்ல."

"இருக்குக்கா."

முந்தின நாள் நான் செஞ்ச தப்பு எனக்கு அப்போதான் புரிஞ்சது. 0.56 னு சொன்னப்போ நான் அந்த ஒன்னை மறைக்கப் பார்த்தேன். அவ அதை மட்டும்தான் பார்த்தா. இப்போ ரெண்டு பேரும் 180-ஐயும் பார்த்தோம், ஒன்னையும் பார்த்தோம். அவ கேட்ட கேள்விக்குப் பதில் கணக்குல இல்ல. எந்தக் கட்டத்துல நீ இருக்கேன்னு நிகழ்தகவு சொல்லாது, எத்தனை கட்டம்னு மட்டும்தான் சொல்லும். இதை அவகிட்ட அப்படியே சொன்னேன். விசித்திரம் என்னன்னா, அதுக்கு அப்புறம்தான் அவ கொஞ்சம் அமைதியானா.

டாக்டர் ரெண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்னு, என்.ஐ.பி.டி. அம்மாவோட ரத்தத்துல கலந்திருக்கற நஞ்சுக்கொடியோட டி.என்.ஏ துணுக்குகளைப் பார்க்கற டெஸ்ட். விலை அதிகம், குழந்தைக்கு எந்த ஆபத்தும் இல்ல. டபுள் மார்க்கரை விட ரொம்பத் துல்லியம், ஆனாலும் அது உறுதியான தீர்ப்பு இல்ல. இன்னொன்னு, வயித்துல ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கறது. அது தெளிவா சொல்லிடும். ஆனா அதுல கரு கலையற வாய்ப்பு கொஞ்சம் உண்டு, ஒரு சதவீதத்துக்கும் கீழே.

இங்க பாருங்க. ஒரு பக்கம் 0.56 சதவீதம், இன்னொரு பக்கமும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. எண்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனா ரெண்டுலயும் இழக்கறது வேற வேற. எது எனக்குப் பெரிசு, எது தாங்கும், எது தாங்காதுன்னு எந்தப் பாடமும் சொல்லாது. அதை அக்காவும் மாமாவும்தான் சொல்ல முடியும். நான் அந்த இடத்துல வாயை மூடிக்கிட்டேன். அவங்க என்.ஐ.பி.டி எடுத்துக்கிட்டாங்க.

பத்து நாள் காத்திருந்தாங்க. லோ ரிஸ்க்னு வந்துச்சு. இப்போ பாப்பாவுக்கு ஒன்றரை வயசு ஆகுது, என் லேப்டாப் கீ ஒன்னைப் பிடுங்கிட்டா.

"பார்த்தியா, நீ சொன்ன மாதிரியே ஆச்சு"ன்னு அம்மா சொன்னாங்க. இல்லம்மா. நல்லபடியா வந்ததால என் கணக்கு சரின்னு ஆகாது. அந்த ஒரு கட்டத்துல அக்கா இருந்திருந்தாலும் 180-ல் ஒன்னுங்கற கணக்கு சரியாத்தான் இருந்திருக்கும். அப்போ அந்தக் குழந்தையை எப்படி வளர்க்கறதுன்னு நாங்க பேசியிருப்போம், அவ்வளவுதான். ஒரு தடவை தாயம் விழுந்ததை வெச்சு எட்டுல ஒன்னு தப்புன்னு சொல்ல முடியுமா?

உங்ககிட்ட கேக்கறது ஒன்னே ஒன்னுதான். அடுத்த தடவை யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னா, டாக்டரோ, லேப் ரிப்போர்ட்டோ, இன்ஷூரன்ஸ்காரரோ, யாரா இருந்தாலும் சரி, "எத்தனை பேர்ல? எந்த மாதிரி ஆட்கள்ல?" ன்னு கேளுங்க. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. நான் சென்டம் வாங்கியும் கேக்கத் தெரியாம ஒரு ராத்திரி அக்காவை அழ வெச்சிருக்கேன். ரிப்போர்ட் விஷயத்துல மட்டும், கணக்கைப் போட்டுட்டு உங்க டாக்டர்கிட்ட உட்கார்ந்து பேசிட்டு முடிவெடுங்க. பாட்காஸ்ட் கேட்டுட்டு முடிவெடுக்காதீங்க.

பத்தாவது படிக்கற தம்பி தங்கைகளுக்கு ஒரு ஹோம்வொர்க். தாயத்துல 1, 5, 6, 12 விழுந்தா இன்னொரு தடவை போடலாம் இல்லையா? அந்த இன்னொரு தடவை கிடைக்க நிகழ்தகவு எவ்வளவு? பதினாறு வழியையும் நோட்டுல எழுதிப் பாருங்க. வீட்ல தாயக்கட்டை இருந்தா நூறு தடவை போட்டு உங்க விடையோட ஒத்துப் போகுதான்னும் பாருங்க. விடையை மெசேஜ்ல அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம்.

அதுவரைக்கும், வரட்டா மக்களே.